நகம் வெளுக்கும் வரை

செவ்வாயும் வெள்ளியும் என் சித்தி நூற்று அறுபத்தெட்டு மூட்டுகளை எண்ணுவாள். ஆளுக்கு இருபத்தெட்டு, ஆறு பேர். தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, முழங்கால் இரண்டு, மிச்சம் இருபதும் கைவிரல்களில். மற்ற நாட்களில் அவள் எல்லாரையும் போல ஒரு நர்ஸ். ஊசி போடுவாள், ரத்தம் எடுப்பாள், கட்டில் விரிப்பு மாற்றவில்லை என்று யாரையாவது திட்டுவாள். ஆனால் அந்த இரண்டு நாட்கள்தான் தன்னுடைய நாட்கள் என்று பதினொரு வருடமாக நினைத்திருந்தாள்.

அவள் வேலை பார்ப்பது மருத்துவமனையின் முடக்குவாதப் பிரிவில். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே அடிப்பதுதான் இந்த நோய். வேலியே பயிரை மேய்கிற கதை. மூட்டு வீங்கும், வலிக்கும், விட்டுவிட்டால் கோணும். இதற்கு ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் ஆய்வுக்கு வரும்; அந்த வருடமும் புதிய மருந்து ஒன்று வந்திருந்தது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்குப் பழைய மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு நடந்தது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, சித்திக்கும் தெரியாது. எத்தனை மூட்டு வலிக்கிறது, எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது என்று நாலு வாரத்துக்கு ஒரு முறை எண்ணி எழுதுவது மட்டும் அவள் வேலை.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கட்டைவிரலால் மூட்டை அழுத்த வேண்டும், அழுத்துகிறவரின் நகம் வெளுக்கும் வரை. அந்த வெளுப்புதான் அளவுகோல். அதற்குக் குறைந்தால் நோயாளிக்கு இருக்கிற வலி தெரியாமல் போகும். கூடினால் இல்லாத வலியை நாமே உண்டாக்கிவிடுவோம். வீக்கம் பார்க்க இவ்வளவு அழுத்தம் தேவையில்லை, விரல் நுனியால் தடவினாலே தெரியும் என்பாள்.

இன்னொரு விதியும் உண்டு. எண்ணும்போது பேசக் கூடாது. "வாங்க, உட்காருங்க, வலிச்சா சொல்லுங்க, போயிட்டு வாங்க." இவ்வளவுதான். நோயாளி ஒரு வார்த்தை கூடச் சொன்னாலும் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று ஊகித்துவிடுவோமாம். அப்புறம் விரல் கட்சி சேர்ந்துவிடுமாம். நடைபாதைக் கோடியில், இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் ஒரு தலையணையும் மட்டும் இருந்த அந்த அறையில் அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதால் நோயாளிகள் அவளுக்கு 'ஊமை சிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் சித்தப்பா இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்.

"ஆஸ்பத்திரியில மிச்சம் பிடிக்கிறதை எல்லாம் இங்க வந்து மொத்தமா செலவு பண்றா. எனக்கு ரெண்டு காது பத்தலை."

அந்த வருடம் சித்தியின் வலது கட்டைவிரல் வலிக்கத் தொடங்கியது. முதலில் பாட்டில் மூடி திறக்க வரவில்லை. பிறகு சட்டைப் பித்தான். காலையில் குழாயடியில் வெந்நீரைத் திறந்துவிட்டு இரண்டு கையையும் காட்டிக்கொண்டு நிற்பாள்.

"என்ன மேடம், கை கழுவுறீங்களா, கை வேக வைக்கிறீங்களா?" என்றார் சித்தப்பா.

"குளிருதுங்க."

"வெயில் மண்டையைப் பிளக்குது. உனக்கு மட்டும் தனியா குளிருதா?"

"உங்க பஸ்ஸுக்கு நேரமாகலையா? கிளம்புங்க முதல்ல."

வேலை அதிகம், சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதே வார்த்தைகளை அவளிடம் வந்த நூறு நோயாளிகளாவது சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் அறிவுரை சொன்னவள் அவள்.

ஆய்வின் தாள்களைச் சரிபார்க்க மாதம் ஒரு முறை ஒருவர் வருவார். கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுபவர். அந்த முறை அவர் சித்தியின் அறை வாசலில் நின்று தயங்கினார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மாசமா எல்லாருக்குமே வலி மூட்டு குறையுது. வீக்கம் மட்டும் அப்படியே இருக்கு. எண்ணுற முறையில ஏதாவது மாத்தியிருக்கீங்களா?"

"நானா? பதினொரு வருஷமா ஒரே மாதிரிதான் எண்ணுறேன் சார்."

"எனக்குத் தெரியும். கேட்கணும்னு இருக்கு, கேட்டேன்."

அவர் போய்விட்டார். சித்தி அன்று வீட்டுக்கு வந்து பேசவில்லை. அவர்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சித்தப்பா புருவத்தை உயர்த்தினார். எல்லாருக்கும் வலி குறைந்தால் மருந்து நல்லதுதானே என்று நான் கேட்டேன். பழைய மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் எப்படி ஒரே மாதிரி குறையும் என்று திருப்பிக் கேட்டாள். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அங்கே மாவு நிறுக்கிற தராசு ஒன்று உண்டு. மேலே தட்டு, கீழே வட்ட முகம், சிவப்பு முள். பயிற்சிக் காலத்தில் இப்படி ஒரு தராசின் மேல்தான் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பழகியிருக்கிறார்கள். நாலு கிலோ வரும்போது நகம் வெளுக்கும்.

"இங்க வாடி. நான் வழக்கம்போல அழுத்துறேன், நீ முள்ளைப் பாரு. நான் போதும்ங்கிற இடத்துல எவ்வளவுன்னு சொல்லு."

இடது கட்டைவிரலை வைத்தாள். போதும் என்றாள். முள் நாலில் நின்றது. வலது கட்டைவிரலை வைத்தாள். போதும் என்றாள்.

"ரெண்டு," என்றேன். "ரெண்டுக்குக் கொஞ்சம் கீழ."

மறுபடியும் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டேகால். நகம் சிவப்பாகவே இருந்தது. அவள் எல்லாரையும் எப்போதும் வலது கையால்தான் எண்ணுகிறாள்.

நடந்தது இதுதான். அழுத்தும்போது அவளுக்கே வலித்தது. அந்த வலி வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. அவள் நகத்தைப் பார்ப்பதை விட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கைப்பழக்கம், விரலுக்கே தெரியும் என்று நம்பியிருந்தாள். தன் வலியின் எல்லையை மற்றவர்கள் வலியின் எல்லை என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தையல்காரம்மா," என்றாள் சித்தி. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் ஆய்வில் இருந்த ஒரு நோயாளி. வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைப்பவர். பதினாறாவது வாரம்தான் ஆய்வில் முக்கியமான வாரம். வலி மூட்டையும் வீக்க மூட்டையும் சேர்த்துக் கூட்டினால் வரும் தொகை அதற்குள் ஐந்தில் ஒரு பங்காவது குறையாவிட்டால் மருந்தை மாற்றிவிடுவார்கள். குறைந்திருந்தால் அதே மருந்துதான். பத்து நாள் முன்பு அவருடைய பதினாறாவது வாரம். விதியை மீறி அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்: "இன்னைக்கு அவ்வளவா வலிக்கவே இல்லை சிஸ்டர். முப்பது பிள்ளைங்களுக்கு யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு, தைரியமா எடுத்துக்கலாம் போல." சித்தி வழக்கம்போலப் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள்.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு மாசம் லீவு போடு. கையைக் காட்டி மருந்து எடு. சரியானதும் போய் ஒழுங்கா எண்ணு. இதை யார் போய்த் தராசுல நிறுத்துப் பார்க்கப் போறாங்க?" என்றார்.

"நான் நிறுத்துப் பார்த்துட்டேனே."

"சொன்னா உன்னை அந்த அறைக்குள்ள விடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அவங்க கை கோணிடுச்சுன்னா நிமிர்த்த முடியாதுங்க. ஒரு மாசம் எனக்கு லீவு. அவங்களுக்கு யாரு லீவு குடுப்பா?"

சித்தப்பா, "நாளைக்கு நானே கொண்டுபோய் விடுறேன். பஸ் பிள்ளைங்க கூட உட்கார்ந்து வருவியா?" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் போனாள், பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே.

பிரிவின் தலைமை மருத்துவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி, அதட்டிப் பேசுபவர். சித்தி சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடவில்லை. முடித்ததும், "கையைக் குடுங்க," என்றார். ஒவ்வொரு விரல் முட்டியாகத் தடவிப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும் டாக்டர்."

"இது எந்தப் பிரிவு சிஸ்டர்?"

"முடக்குவாதப் பிரிவு டாக்டர்."

"மூணு மாசம் வீங்கின கையோட என் முன்னாடியே நடந்திருக்கீங்க. நானும் பார்க்கலை. நல்ல டாக்டர், நல்ல நர்ஸ்! வெளியில சொன்னா சிரிப்பாங்க." பிறகு குரல் இறங்கியது. "ரத்தம் குடுத்துட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி தாள் வேலை இருக்கு."

ஆய்வுத் தாளில் எதையும் அழிக்கக் கூடாது. தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி. ஆனால் சரியான எண்ணுக்கு எங்கே போவது? அன்றைக்கு அந்த மூட்டு வலித்திருக்குமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வலிக் கணக்கு குறையத் தொடங்கியதிலிருந்து ஒன்பது வாரம், நூற்று நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் வலிக் கணக்கின் மேல் கோடு போட்டுப் பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதினாள். இடது கையால் எழுதினாள் என்பதால் இரண்டு நாள் ஆயிற்று. ஆய்வு அரை வருடம் தள்ளிப்போனது. சரிபார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு 'தெரியாது' நான் பார்த்ததே இல்லை சிஸ்டர்," என்றார். கோபமா பாராட்டா என்று சித்திக்குப் புரியவில்லை. எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

தையல்காரம்மாவை அழைத்து வேறொரு நர்ஸ் எண்ணினார். ஆரம்பத்தில் வலி மூட்டு பன்னிரண்டு, வீக்கம் ஒன்பது. சித்தி பதினாறாவது வாரத்தில் வலி ஐந்து என்று எழுதியிருந்தாள். இப்போது பதினொன்று. வீக்கம் அதே ஒன்பது. மருந்தை மாற்ற முடிவானது.

அவர் வெளியே வரும்போது சித்தி நடைபாதை பெஞ்சில் காத்திருந்தாள். சொல்ல வேண்டியதை டாக்டர் சொல்லியாயிற்று. இருந்தாலும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றிருந்தாள். சொன்னாள்.

தையல்காரம்மா உட்காரவில்லை. நின்றபடியே, "யூனிஃபார்ம்ல பதினாறு முடிச்சேன்," என்றார். "அதுக்கு மேல கத்தரி பிடிக்க வரலை. வீட்டுக்காரர் கேட்டார், அதான் கணக்கு குறைஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் என்னன்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். வலி கையில இல்லை, மனசுலதான்னு. சோம்பேறித்தனம்னு என்னை நானே திட்டிக்கிட்டுத் தச்சேன் சிஸ்டர்."

"உங்க வலி நிஜம்தாம்மா. நான் எழுதினதுதான் பொய்."

"அதை அன்னைக்கு யாராவது சொல்லியிருக்கணும்."

"ஆமா."

தையல்காரம்மா சித்தியின் கையைப் பார்த்தார். "உங்களுக்கும் இதேதானா?"

"வியாழக்கிழமை ரிசல்ட் வருது."

"காலையில எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கு?"

"ஒரு மணி நேரம்."

"எனக்கு ரெண்டு," என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போனார்.

வியாழக்கிழமை வந்தது. சித்திக்கும் அதே நோய்தான், ஆரம்ப நிலை. மருந்து தொடங்கிவிட்டார்கள். எண்ணும் அறை இப்போது வேறொருவருடையது. சித்திக்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் கொடுத்திருக்கிறார்கள். நோய் திடீரென்று ஏறினால் நோயாளிகள் அழைக்கும் எண் அது. அழைப்பவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், எண்ணாக மாற்றக் கூடாது என்று அவளே ஒரு விதி வைத்துக்கொண்டாள். பெரிய டாக்டருக்கு முதலில் பிடிக்கவில்லை. "கதை எழுதுறீங்களா?" என்று கேட்டார். இப்போது எதுவும் சொல்வதில்லை, வாசிக்கிறார்.

மருந்து மாற்றி ஐந்தாவது வாரம் தையல்காரம்மா அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை.

"எழுதிக்கோங்க. இன்னைக்குக் காலையில ஒண்ணேகால் மணி நேரம்தான் விறைப்பு. மருந்தாலயா, தையலை நிறுத்தினதாலயான்னு தெரியலை. தெரியலைன்னும் எழுதிக்கோங்க."

சித்தி எழுதிக்கொண்டாள்.