மாமிக்குப் பிரசர், மருமகனுக்கு வயிறு

பிரசர் பார்க்கிற வேலை என்றால் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடிப்பதுதான் என்று நினைக்காதீர்கள். ஆட்கள் சொல்கிற பொய்யைச் சிரிக்காமல் கேட்பதுதான் அதில் பாதி. கல்முனையில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் நான் மிஸ், நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். டிசம்பர் வந்தால் பள்ளிக்கூட லீவு, கலியாணம், கொழும்பிலிருந்து வருகிற சொந்தம், எங்களைப் போன்ற வேதக்கார வீடுகளில் கிறிஸ்மஸ், எல்லாவற்றுக்கும் மேலே விடாத மழை. நடக்கவும் வழியில்லை, தின்னாமல் இருக்கவும் வழியில்லை. உங்கள் வீட்டிலும் இதே கூத்துத்தான் என்று எனக்குத் தெரியும்.

சகன் கணக்கு

ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர், சீனி வருத்தக்காரர், சர்க்கரை நோயாளி. கலியாண வீட்டில் சோறு அரைப் பீங்கானுக்கு, அரைத் தட்டுக்கு, மேல் வேண்டாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த கிழமை, ஒரு வாரம் கழித்து, பார்த்தால் சீனி எகிறிக் கிடக்கிறது. எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். இங்கே கலியாணத்தில் சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, அவசரமில்லாமல் ஆறுதலாகத் துடைத்தார்.

"ஆறு பேர் ஒரு சகன்ல கை வெச்சா, ஆர் எவ்வளவு திண்டதெண்டு ஆருக்கு மிஸ் தெரியும்?"

வீட்டுக்குள் நடை

இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். சுபைதா ராத்தா, அதாவது அக்கா, வீட்டிலும் புது மருமகன் வந்து கொஞ்ச நாள்தான். ராத்தாவுக்குப் பிரசர். மழை என்பதால் வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். "நல்லா நடந்தன்" என்றார் ராத்தா. விசாரித்தால், விடிந்ததிலிருந்து சமைக்கிற குசினிக்கும் ஹோலுக்கும் சட்டி தூக்கித் திரிந்ததைத்தான் நடையில் சேர்த்திருக்கிறார்.

இந்தக் கிழமைக்குள் பிரசர் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வேண்டிவரும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராத்தாவின் முகம் செத்துப்போனது. வருத்தத்துக்குப் பயந்தல்ல.

"நான் வாட்டில படுத்தா மருமகனுக்கு ஆரு மிஸ் ஆக்கிப் போடுற? மூணு நேரமும் பீங்கானத் துடைச்சி வெக்காரு, இன்னும் பசி போல."

ஹெல்மெட் போட்ட நோயாளி

மறுநாள் பின்னேரம் ஓர் இளைஞர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மூலையில் இருந்தார். அஸ்லம், அதே புது மருமகன். வயிறு ஊதல், நெஞ்செரிப்பு. மிச்சம் வைத்தால் மாமிக்கு மனம் நோகும் என்று இவர் தட்டைக் காலியாக்குகிறார். காலித் தட்டைக் கண்டு மாமி இன்னும் போடுகிறார். எனக்கு நாக்கு அரித்தது. ஆனால் ஒரு நோயாளி சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாதே. "போதும் எண்டு மாமிக்கிட்டச் சொல்லிப் பாருங்க தம்பி" என்றேன்.

"ஏலா மிஸ். கஞ்சி மட்டும் எண்டு டொக்டர எழுதித் தரச் சொல்லுங்க. மாமி அவருக்கு மட்டுந்தான் பயம்."

ஒரே வாங்கில்

கிழமை முடிந்து ராத்தா வந்தார். ஓட்டோவில் கூட்டிவந்தவர் அஸ்லம். பிரசர் இறங்கவில்லை. வாட்டுக்குத் துண்டுச் சீட்டு எழுத டொக்டர் பேனாவை எடுத்தார். ராத்தா மருமகனைத்தான் திரும்பிப் பார்த்தார். அஸ்லம் வந்து வாங்கில், அந்தச் சுவரோரப் பெஞ்சில், அவர் பக்கத்தில் இருந்தார்.

"மாமி, எனக்காக நீங்க இப்பிடிக் கஷ்டப்பட வேணாம். எனக்கும் வயித்துக்க ஏலாமத்தான் கிடக்கு. ஒங்கட மனசு நோகுமெண்டுதான் திண்டன்."

"அப்ப பசி இல்லையா மகன்?"

"இல்ல மாமி. எனக்குக் கஞ்சி போதும்."

ராத்தா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கலியாணத்துக்குப் பிறகு அவர் சும்மா இருந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தேன், முழுதாக இல்லாவிட்டாலும் வீட்டுக்கு அனுப்புகிற அளவுக்கு இறங்கியிருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். போகும்போது ராத்தா மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி மகன், நாளையிலிருந்து கஞ்சிதான். கோழி போட்டு, தேங்காய்க் கட்டிப்பால் விட்டு ஆக்கித் தாறன்."

இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், கேக் தின்று முடித்து வெறும் தட்டோடு இருந்த என் கணவரின் தம்பிக்குக் கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தவளும் நான்தான் என்றால், இந்த வருத்தத்துக்கு எந்த டொக்டரிடம் போவது, சொல்லுங்கள்.