ஸ்டிக்கருக்கு அடியில்

எங்கள் அலுவலகத்தில் ஸ்டிக்கரம்மாவின் கைக்குத் தப்பிய பொருள் எதுவும் கிடையாது. நாற்காலி, மின்விசிறி, குப்பைக்கூடை, சுவர்க்கடிகாரம் என்று எல்லாவற்றிலும் அவள் ஒட்டிய எண் இருக்கும். ஒருநாள் என் ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அதற்கும் எண் விழுந்துவிட்டது.

"இது என் வீட்டு ஃபிளாஸ்க்குடி!"

"ஆபீஸ் மேசை மேல இருந்துச்சு. எழுதிக் குடு, பதிவேட்டுல இருந்து எடுத்துடறேன்."

எழுதிக் கொடுத்தேன். என் ஃபிளாஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப்போக நானே விண்ணப்பம் போட்டேன். அப்படிப்பட்ட பிறவி அவள். பத்தொன்பது வருடமாகப் பொருள் கிடங்கின் பொறுப்பாளர். பதினான்கு படி இறங்கினால் அவளுடைய ராஜ்ஜியம். ஜன்னல் இல்லை, இரண்டு குழல்விளக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார். கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல்கூட எட்டிப் பார்க்காது. கிடங்கின் சாவி ஒன்றுதான், அது அவளிடம்தான். அதனால் காலை பத்து முதல் மாலை ஆறு வரை, மதியம் அரை மணி நேரம் தவிர, அவள் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

நான் தபால் பிரிவு. படிக்கட்டின் மேல்முனையில் என் மேசை. அவளுக்கு வீட்டிலிருந்து வரும் அழைப்பெல்லாம் என் கைப்பேசிக்குத்தான் வரும். நான் படியில் நின்று கத்துவேன், அவள் ஓடிவருவாள்.

வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். புருஷன் போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. மாமனாரை ஏன் இன்னும் சுமக்கிறாய் என்று கேட்காத ஆளில்லை. நானும் கேட்டிருக்கிறேன், வெட்கமில்லாமல். "அவர் இருந்தப்ப மாமா எங்களோட இருந்தார். இப்ப என்னோட இருக்கார். இதுல கேக்க என்ன இருக்கு?" என்றாள்.

மாமனார் மின்சார மீட்டர் கணக்கெடுத்த மனிதர். முப்பத்தைந்து வருடம் தெருத்தெருவாக, வீடுவீடாக நடந்தவர். இப்போது ஞாபகம் தப்பிவிட்டது, கால் மட்டும் தப்பவில்லை. போன வருடம் இரண்டு முறை வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டாவது முறை, எட்டுத் தெரு தள்ளி யாரோ ஒருவரின் வாசலில், மீட்டர் பெட்டியை அண்ணாந்து பார்த்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எண் எழுதிக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து அவள் வெளிப்பக்கம் பூட்டிவிட்டு வேலைக்கு வர ஆரம்பித்தாள்.

அதைச் சொன்ன அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாவியத் திருப்பிட்டு ஓடியே வந்துடறேன்டி. நின்னா வர முடியாது."

எதிர்வீட்டு டெய்லரம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். எப்போதும் ஒரே செய்திதான். "நல்லாத் தூங்கறார்னு சொல்லிடும்மா." நானும் படியில் நின்று கத்துவேன்: "தூங்கறாராம்!"

இந்த ஏற்பாட்டில் இடி விழுந்தது. டெய்லரம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு போகப்போகிறார், வரும் சனிக்கிழமை. ஸ்டிக்கரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாத்தனார் வந்து கறாராகச் சொல்லிவிட்டாள்: "அண்ணி, எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. அப்பாவ அங்க விட்டுடலாம். நாள் பூரா பூட்டி வச்சிட்டு, உள்ள விழுந்து கிடந்தாக்கூட உங்களுக்குத் தெரியாது. பகல்ல அவரப் பாத்துக்க வழி இருக்குன்னு காட்டுங்க, வாயத் திறக்கல. இல்லைன்னா சனிக்கிழமை வண்டியோட வரேன்."

நாத்தனார் கெட்டவள் இல்லை. அதுதான் இதில் பெரிய தொல்லை.

ஸ்டிக்கரம்மா வழி தேடினாள். பழைய கைப்பேசி ஒன்றை அலமாரி மேல் கூடத்தைப் பார்த்து நிறுத்திவைத்தால், வேறொரு திரையில் வீட்டைப் பார்க்கலாம். சரி, எந்தத் திரையில்? போன மாதம்தான் சரக்குச் சரிபார்ப்புக்காகக் கிடங்குக்கு வைஃபை பெட்டி ஒன்று மாட்டியிருந்தார்கள். ஆனால் அது சொந்தக் கைப்பேசிகளை உள்ளே விடாது. ஸ்டிக்கர் எண் உள்ள அலுவலகக் கருவியை மட்டும்தான் விடும். அந்த விதியை எழுதிய குழுவில் கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

கணினிப் பிரிவு சாரிடம் போய் நின்றாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அவர் பேச்சே பெருமூச்சில்தான் தொடங்கும். "புது லேப்டாப்புக்கு அதிகாரிங்களே வரிசையில நிக்கறாங்க. கழிச்சுப் போட்ட நெட்புக் பதினொண்ணு உங்ககிட்டயே கிடக்கே, அதுல ஒண்ணை எடுங்க. இருக்கற நினைவகத்துக்கு, விண்டோஸுக்குப் பதிலா எடை குறைஞ்ச லினக்ஸ் ஒண்ணு போட்டா ஓடும்."

திங்கட்கிழமை ஒரு நெட்புக்கைத் தூசி தட்டி எடுத்தாள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது அந்தக் குட்டி லேப்டாப். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதலில் பதிவேட்டில் திரும்பச் சேர்த்தாள், அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினாள், புது எண்ணுள்ள ஸ்டிக்கரை எடுத்தாள். முன்விளிம்பு, வலது மூலை. மூன்று முறை கட்டைவிரலால் நீவிவிட்டாள். சுற்றறிக்கையில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் சார் பென்டிரைவைச் செருகினார்.

லினக்ஸ் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தது. வைஃபை மட்டும் இல்லை.

"அந்த வைஃபை அட்டைக்கு ஒரு ஃபைல் வேணும். அது இல்லாம அட்டை முழிக்காது" என்றார் சார்.

"எங்க இருக்கு அது?"

"இணையத்துல."

"இணையத்துக்கு எப்படிப் போறது?"

"வைஃபைலதான்."

கேட்டுக்கொண்டு நின்ற எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் சார், பெட்டியப் பூட்டிட்டுச் சாவிய உள்ளயே போட்ட மாதிரியா?" என்றேன். அவர் இன்னொரு பெருமூச்சு விட்டு, ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்து, கேபிள் உள்ள மேசை ஏதாவது கிடைத்தால் அதில் செருகி இதை அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

என் மேசையில் கேபிள் இருந்தது. மதிய அரை மணி நேரத்தில் அவள் சாப்பாட்டை விட்டுவிட்டு மேலே வந்தாள். என் கணினியின் கேபிளைப் பிடுங்கி நெட்புக்கில் செருகினோம். தபால் கட்டுகளுக்கு நடுவே அதை வைத்து, தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கறுப்புத் திரையில் வரிகள் ஓடுவதும், ஏதோ ஒன்று இல்லையென்று நிற்பதுமாக இருந்தது. ஒரு இடைவெளி விட்டுப்போனதற்கு அன்றைய அரை மணி போயிற்று. செவ்வாய்க்கிழமை அந்த ஃபைல் இறங்கியது. அவள் நெட்புக்கை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். நானும் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

கீழே அட்டை விழித்திருந்தது. ஆனால் வேலை செய்யவில்லை. சார் சொன்ன வேறொரு கட்டளையைப் போட்டதும் இரண்டு வரி வந்தது. சாஃப்ட் பிளாக்டு: நோ. ஹார்ட் பிளாக்டு: எஸ்.

"மென்பொருள் எதுவும் தடுக்கல. மெஷினே தடுக்குது. ஒண்ணு எங்கயாவது சுவிட்ச் இருக்கணும், இல்ல அட்டை செத்திருக்கணும்" என்றார் சார், அலுவலகத்துக்குள் மட்டும் பேசும் இன்டர்காமில், மாடியிலிருந்து.

அவள் அந்த நெட்புக்கை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், கைவிளக்கடித்துப் பார்த்தாள். சுவிட்ச் இல்லை. விசைப்பலகையில் இருந்த எல்லா விசையையும் கூட்டிக்கூட்டி அழுத்தியதில் திரை மங்கியது, சத்தம் கூடியது, வைஃபை வரவில்லை. புதன்கிழமை அடிமூடியைக் கழற்றி, குவியலில் இருந்த இன்னொரு நெட்புக்கின் அட்டையை எடுத்து மாட்டினாள். ஹார்ட் பிளாக்டு: எஸ்.

அன்று மாலை அவள் படியேறி வந்தபோது, அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "விடுடி, இல்லம்னா என்ன நரகமா?" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அவர் போயிட்டா நான் எதுக்குடி ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகணும்?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டுக்கு உள்ளே அவர், பதினான்கு படிக்குக் கீழே இவள். சாயங்காலம் ஒருவருக்கொருவர் திறந்துவிட்டுக்கொண்டு இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை பத்தேகால் இருக்கும். கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள். பத்தொன்பது வருடத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. கவர் பிரிக்கும் பிளேடோடு அப்படியே ஓடினேன்.

இரவல் வாங்கிய அட்டையை, குவியலில் இருந்து எடுத்த அந்த இன்னொரு நெட்புக்கிலேயே திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாளாம். அடுத்தவர் பொருளை அடுத்தவரிடம் சேர்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கழித்துப் போட்ட கருவி என்பதால் அதில் ஸ்டிக்கர் இல்லை. திருகை முடுக்கும்போது முன்விளிம்பின் வலது மூலையில், கட்டைவிரலுக்கு அடியில், ஏதோ நகர்ந்திருக்கிறது. அரிசி அளவு ஒரு தள்ளு சுவிட்ச். பக்கத்தில் சின்னதாக ஆன்டெனா படம்.

அவளுடைய நெட்புக்கில் அதே இடத்தில் அவள் ஒட்டிய ஸ்டிக்கர். மூன்று முறை நீவி ஒட்டியது.

"உன் கையாலயே மூடிட்டு நாலு நாளா ஊரெல்லாம் தேடியிருக்கியேடி!" சிரிப்பை என்னால் அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. அந்த ஸ்டிக்கரைப் பிய்த்தால் 'செல்லாது' என்று எழுத்து வந்துவிடும், எண் செத்துவிடும், எண் செத்தால் வைஃபை உள்ளே விடாது, செத்த எண்ணுக்கு மாற்று எண் வாங்க இரண்டு வாரம். பிளேடை வாங்கி, எண்ணின் மேல் படாமல், சுவிட்சைச் சுற்றி மட்டும் கோடு கிழித்து ஓரத்துத் துண்டை நெம்பி எடுத்தாள். நகத்தால் தள்ளினாள். பச்சை விளக்கு எரிந்தது.

காலையில் அவள் அலமாரி மேல் நிறுத்திவைத்துவிட்டு வந்திருந்த பழைய கைப்பேசி வழியாக, திரையில் அவள் வீட்டுக் கூடம் வந்தது.

மாமனார் தூங்கவில்லை. சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, காலில் செருப்போடு, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். உள்பக்கமிருந்து கதவைத் தட்டினார். மூன்று தட்டு. இரண்டடி பின்னால் நகர்ந்து, மரியாதையாகக் காத்து நின்றார், யார் வீட்டு வாசலிலோ நிற்பதுபோல. யாரும் திறக்கவில்லை. மறுபடி முன்னால் போனார், தட்டினார், பின்னால் வந்தார். கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும்.

பத்தரை ஆனது, பத்தே முக்கால் ஆனது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். உட்காரவே இல்லை.

சரியாகப் பதினொன்றுக்குக் கதவு திறந்தது. டெய்லரம்மா. மாமனாரின் முகம் மலர்ந்தது. ஏதோ கேட்டார். டெய்லரம்மா தலையாட்டி, கூடத்து மூலையில் இருந்த மீட்டரைக் காட்டினார். அவர் அண்ணாந்து பார்த்து, நோட்டில் எழுதி, ஒரு கும்பிடு போட்டார். பிறகு பெஞ்சில் போய்ப் படுத்து, இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனார்.

வழக்கம்போல என் கைப்பேசிக்கு அழைப்பு வந்திருக்கும், நான் கீழே இருந்தேன். மதியம் மேலே வந்து அவளே டெய்லரம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"தட்டிட்டேதான்மா இருப்பார். யாராவது திறந்து மீட்டரக் காட்டற வரைக்கும். அப்புறம் தூங்கிடுவார். அதச் சொன்னா நீ வேலைக்குப் போவியா கண்ணு?"

அவள் போனைத் தபால் கட்டின் மேல் வைத்தாள். வென்றது அவள்தான். நாத்தனார் கேட்ட வழி கையில் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அவரை நாள் முழுக்கப் பார்க்கலாம். தட்டுவதைப் பார்க்கலாம், திறக்க முடியாது.

என் கைப்பேசியை மறுபடி எடுத்து நாத்தனாருக்குப் போட்டாள். "வைஃபை வந்துடுச்சா அண்ணி?" என்றது அந்தக் குரல்.

"வந்துடுச்சு. அந்த இல்லத்துல எத்தனை ரூம்?"

"இருபத்தி நாலோ என்னவோ. ஏன்?"

"தட்டினா திறப்பாங்களா?"

"என்ன அண்ணி கேக்கறீங்க?"

"கேட்டுச் சொல்லு. மாமா போய் ரூம் கதவத் தட்டினா, உள்ள இருக்கறவங்க திறப்பாங்களா?"

நாத்தனார் விசாரித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் கூப்பிட்டாள். அங்கே பகலில் எந்த அறையையும் பூட்டுவதில்லையாம். எல்லோரும் வேலை இல்லாமல்தான் இருக்கிறார்களாம், யாராவது தட்டமாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

"அப்ப சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வா" என்றாள் ஸ்டிக்கரம்மா. என் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, படியில் பாதி இறங்கிய பிறகுதான் அழுதாள்.

ஐந்து மாதம் ஆகிறது. நெட்புக் கிடங்கில்தான் இருக்கிறது, சரக்குச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்துக்குப் போகிறாள். மாமனார் அவளை யாரென்று கேட்பதில்லை. இருபத்திநாலு கதவும் முடித்துவிட்டு, நோட்டை அவளிடம் சரிபார்க்கக் கொடுக்கிறாராம்.

போன வாரம் ஒரு கவரைக் கொடுப்பதற்காக அவளுக்கு முன்னாலேயே அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். கதவைத் தொட்டேன், திறந்துகொண்டது. உள்ளே யாருமில்லை. அவள் வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். பென்சிலுக்குக்கூட எண் ஒட்டுகிறவள், இப்படி வீட்டைத் திறந்துபோட்டுவிட்டா போவாள்?

"பூட்ட கை வரமாட்டேங்குதுடி" என்றாள்.

"திருடன் வந்தா?"

"வரட்டும். உள்ள வந்தவன் வெளிய போகணும்ல?"