அரைத்துவிட்டதாக நான் கையெழுத்துப் போட்ட டைவர்கள்

1. ஜன்னல் பக்கம்

வேலையில் சேர்ந்த முதல் நாள், ஒர்க்ஸ் மேனேஜர் சுந்தரேசன் சார் என் மேஜைமேல் இரண்டு பொம்மைகளை வைத்தார். இரண்டும் நடுவிரல் நீளம்தான். முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர், கண்ணில் நீச்சல் கண்ணாடி, ஆரஞ்சு நிற உடுப்பு. கடலுக்கடியில் சண்டை போடும் வீரனாம். தொழிற்சாலையில் எல்லாரும் அதை டைவர் என்றார்கள். இதில் எது சரியானது என்று சார் கேட்டார். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்றேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னார். வெளிச்சத்தில் பார்த்தபோது ஒன்றில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"அது ரிஜெக்ட், ஜெயா. இந்த வித்தியாசம் தெரியறதுக்குத்தான் ஒன்னை இங்க உக்காத்தி வெச்சிருக்கு" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தொழிற்சாலை பம்பாயில், செம்பூரில். நான் மாட்டுங்காவிலிருந்து ரயிலேறி, குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் மாறிப் போவேன். அதற்கு முன் ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோவாக ஆறு வருஷம் இருந்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பாதிப் பேர் இன்னும் இருக்கிறார்கள்.

என் வேலைக்கு லைசென்சிங் டெஸ்க் என்று பெயர். அந்த வீரர்கள் எங்களுடையவர்கள் அல்ல. அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தம். அவர்கள் மோல்டைக் கப்பலில் அனுப்புவார்கள். நாங்கள் பிளாஸ்டிக்கை ஊற்றி, பெயிண்ட் அடித்து, அட்டையில் ஒட்டி, இந்தியாவில் விற்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் அனுமதி வேண்டும். உடுப்பின் நிறம், புருவத்தின் கனம், அட்டையிலிருக்கும் எழுத்து, தொடைக்குப் பின்னால் இன்ன கம்பெனிக்குச் சொந்தம் என்று பொடி எழுத்தில் வரும் உரிமை வரி, எல்லாவற்றுக்கும். அவர்கள் ஒப்புக்கொண்ட சாம்பிளை சீல் வைத்து பீரோவில் பூட்டியிருந்தோம். சாவி என்னிடம்.

ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ரிஜெக்ட் ஆன ஒரு பொம்மைகூட வெளியே போகக் கூடாது. கிரைண்டரில் போட்டு, அரிசி நொய் மாதிரி அரைத்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லாம் அழிக்கப்பட்டன என்று சர்டிபிகேட் அனுப்ப வேண்டும். மேலே சுந்தரேசன் சார் கையெழுத்து, கீழே என்னுடையது. சார் எண்ணிக்கையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புவார். நான் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு ஏர்மெயிலில் சேர்ப்பேன். நான்கு சர்டிபிகேட் அப்படிப் போயின. கிரைண்டர் ஷெட்டுக்குள் நான் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. அங்கே தூசி, இரைச்சல், புடவை வீணாகிவிடும் என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

2. வெர்னியர் கொண்டுவந்தவர்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். வந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் அனந்தகிருஷ்ணன். டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிராப்ட்ஸ்மேன். கையில் எவர்சில்வர் டிபன் டப்பா. திறந்தால் உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் பொம்மைகள்.

பையனுக்கு வாங்கினீர்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் நெளிந்தார். பையன் கிரிக்கெட் மட்டையைத் தவிர எதையும் தொடமாட்டானாம். தனக்காகத்தான் வாங்குகிறாராம், எங்கள் வரிசையில் வந்த எல்லாமே அவரிடம் இருக்கிறதாம். ஆபீஸில் இது யாருக்கும் தெரியாது என்றார். பொம்மை சேர்க்கும் பெரியவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது. ஆனால் அவர் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்த விதத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அவர் கேட்க வந்தது இதுதான். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே நடைபாதையில் மூன்று டைவர் வாங்கியிருக்கிறார். அட்டை இல்லை, வெறும் பிளாஸ்டிக் உறை. உடுப்பு சிவப்பாக இருக்கிறது, கண்ணாடிக்கு நீலம் அடித்திருக்கிறது. இது நீங்கள் வெளியிட்ட புது வகையா?

டூப்ளிகேட்டாக இருக்கும் என்றேன். அவர் தலையாட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். எங்கள் டைவரையும் சிவப்பு டைவரையும் அளந்து காட்டினார். முடியளவு வித்தியாசமில்லை.

"ஒரு பொம்மைய வெச்சு நகல் மோல்டு பண்ணினா, அதுல வர்றது கொஞ்சம் சுருங்கியிருக்கும், மேடம். இது சுருங்கலை" என்றார். "தொடைக்குப் பின்னாடி பாருங்கோ. உரிமை வரி இருக்கு. பக்கத்துல மூணுன்னு ஒரு நம்பர் இருக்கு."

எங்கள் டைவர் மோல்டில் நான்கு குழிகள் இருந்தன. ஒவ்வொரு குழிக்கும் ஒரு நம்பர். மூன்றாம் குழியில் விழுந்த பொம்மை அது. சிவப்பு தூக்கலாகப் போய் மொத்தமாக ரிஜெக்ட் செய்த ஒரு லாட் எனக்கு நினைவு வந்தது. அதை அரைத்தாகிவிட்டது என்று நான்காவது சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவரிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நடைபாதைக் கடைக்காரன் தாராவியில் காதர் மைதீன் என்பவரிடம் எடுக்கிறான் என்று, போகும்போது அவரே சொல்லிவிட்டுப் போனார்.

3. காதர் பாய்

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுத் தாராவிக்குப் போனேன். தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஏணி வைத்து ஏறும் மாடியறை. காதர் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கம் கடையநல்லூர்க்காரர். அவரும் தம்பியும் தரையில் உட்கார்ந்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் வரிசையாக எங்கள் டைவர்கள்.

கம்பெனிப் பெயரைச் சொன்னதும் தம்பி எழுந்து வாசலை மறித்தாற்போல் நின்றார். காதர் பாய் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, எனக்கு ஸ்டூல் போட்டார்.

"திருட்டு மாலுன்னு நெனச்சு வந்திய போல. அது இல்லம்மா. ஒங்க கேட்டுலேர்ந்து பில்லோட எடுத்த பங்கார்" என்றார். தகரப் பெட்டியிலிருந்து ஒரு டெலிவரி சலானை எடுத்துக் கொடுத்தார். பழைய சாமானுக்கு பம்பாயில் பங்கார் என்று பெயர். சலானில் பிளாஸ்டிக் ஸ்கிராப், ஆறு மூட்டை என்று இருந்தது. எங்கள் கம்பெனி முத்திரை. கையெழுத்து சுந்தரேசன் சாருடையது.

உருக்கி பக்கெட் செய்பவர்களுக்கு விற்கத்தான் வாங்கினாராம். மூட்டையைப் பிரித்தால் கை, கால், முகம் எல்லாம் முழுசாக இருந்திருக்கிறது. "மொகம் இருக்கப்பட்டத எப்பிடி உருக்கச் சொல்லுதது" என்று கேட்டார். அவரும் தம்பியும் முன்னால் சாமான் பெட்டிகளுக்குப் பூ வரைந்து பிழைத்தவர்கள்.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் பீரோவிலிருந்த சாம்பிளுக்குக் கண்கள் இரண்டு புள்ளி. இவர் மெல்லிய பிரஷ்ஷால் இமைகூட வரைந்திருந்தார். அந்த முகம் எங்கேயோ பார்ப்பதுபோல் இருந்தது. நல்ல வேலை என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சலானை ஒருநாள் இரவல் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்தான். அந்தத் தாள் ஒன்றுதான் அவரைக் காப்பாற்றக்கூடியது. அதை முன்பின் தெரியாத என்னிடம் கொடுத்தார்.

4. மேலே யார் கையெழுத்து

மறுநாள் சலானை சுந்தரேசன் சார் முன்னால் வைத்தேன். அவர் மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"கிரைண்டர் ரெண்டு மாசமா படுத்துடுத்து, ஜெயா. பிளேடு வரலை. மூட்டை மூட்டையா ஷெட்டை அடைச்சிண்டு கெடந்தது. உருக்கத்தானே போறான்னு அனுப்பிட்டேன்" என்றார். அதில் அவர் ஒரு பைசா எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வேலை நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

பத்து நாளில் லைசென்ஸ்காரர்களின் ஹாங்காங் ஆபீஸிலிருந்து மிஸ் லாம் என்ற அதிகாரி வரவிருந்தார். லைசென்ஸைப் புதுப்பிப்பதும் அடுத்த வரிசை வீரர்களைத் தருவதும் அவர் அறிக்கையைப் பொறுத்தது. பெயிண்டிங் ஹாலில் மட்டும் அறுபது பெண்கள் வேலை பார்த்தார்கள். சார் ஒரு வழி சொன்னார். காதர் பாய்மேல் போலீஸில் டூப்ளிகேட் கேஸ் கொடுத்துவிடலாம். ரெய்டு நடக்கும், பொம்மைகளைப் பறிமுதல் செய்வார்கள். தங்கள் உரிமையை நாம் காப்பாற்றுகிறோம் என்று மிஸ் லாமும் சந்தோஷப்படுவார். சலானைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

அன்றைக்கு முழுக்க அந்தச் சலான் என் கைப்பையில் இருந்தது. ரயிலில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். சார் சொன்னது நடக்கக்கூடிய காரியம் என்பதுதான் பயமாக இருந்தது. யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஹாலில் ஒரு பெண்ணுக்கும் வேலை போகாது. தாராவியில் இரண்டு பேர் உள்ளே போவார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சீக்கிரம் போய் ஹாங்காங் ஆபீஸுக்கு ஒரு கடிதம் டைப் அடித்தேன். நான்காவது சர்டிபிகேட்டில் நான் எழுதியது உண்மையல்ல, பொம்மைகள் அழிக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை, அவை ஸ்கிராப்பாக வெளியே போயிருக்கின்றன, வாங்கியவர் முறையாக வாங்கியவர். என் கையெழுத்து மட்டும். முதலாளி கிரீட்பாயிடம் கொடுப்பதற்குமுன் சாரிடம் காட்டுவதுதான் முறை என்று எடுத்துப் போனேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"சர்டிபிகேட்ல என் கையெழுத்து மேல இருந்தது. இதுலயும் மேலதான் இருக்கணும்" என்று சொல்லி, என் பெயருக்கு மேலே இருந்த இடுக்கில் போட்டார். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிரீட்பாய் படித்துவிட்டுக் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். இதை அனுப்பினால் கம்பெனிக்கு என்ன ஆகும் தெரியுமா என்று இந்தியில் கேட்டார். தெரியாது என்றேன். எனக்கும் தெரியாது, அனுப்பு என்றார். அன்று மாலை சலானைத் தாராவியில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

5. நானே போடுதேன்

மிஸ் லாம் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. காதர் பாயின் டைவரை லென்ஸ் வைத்துப் பார்த்தார். நீங்கள் அனுப்பும் சாம்பிளைவிடக் கண் நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே, எல்லாவற்றையும் விலை கொடுத்துத் திரும்ப வாங்கி அழிக்க வேண்டும் என்றார்.

கிரைண்டருக்குப் புது பிளேடு போட்டார்கள். காதர் பாய் கேட்ட விலையைக் கிரீட்பாய் பேரம் பேசாமல் கொடுத்தார். ஒரு டெம்போவில் மூட்டைகளோடு காதர் பாயும் வந்தார். நான் ஷெட்டுக்குள் போனது அன்றுதான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் நின்றேன்.

"அரைச்சுத்தான் ஆகணுமாம்மா?" என்று பாய் கேட்டார்.

"ஆமாம் பாய்."

"அப்பம் நானே போடுதேன்" என்றார்.

ஒரு கையில் நாலைந்தாக எடுத்துப் போட்டார். அள்ளிக் கொட்டவில்லை. மத்தியானம் தொடங்கி ஷிப்ட் முடியும்வரை ஆனது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். இமை வரைந்த முகங்கள் உள்ளே போய், கீழே சிவப்பு நொய்யாக விழுந்தன. முடித்துவிட்டு அவர் கைகழுவத் தண்ணீர் கேட்டார். டீ குடிக்கச் சொன்னேன், இன்னொரு நாள் என்று போய்விட்டார். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

அனந்தகிருஷ்ணனின் மூன்று பொம்மைகள் பாக்கி. ஆள் அனுப்பாமல் நானே போய்க் கேட்டேன். சட்டப்படி கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். காசு கொடுத்து வாங்கியது உங்களுடையது, கட்டாயமில்லை என்றேன். தரமாட்டேன் என்றார். அதனால் ஐந்தாவது சர்டிபிகேட்டில், என் முன்னிலையில் அரைத்தவை இத்தனை, வாங்கிய ஒருவரிடம் திரும்பப் பெறாமல் இருப்பவை மூன்று, நடைபாதையில் விற்றுப்போனவை எத்தனை என்று தெரியாது என்று எழுதினேன். இப்படி ஒரு சர்டிபிகேட் இதுவரை வந்ததில்லை என்று ஹாங்காங்கிலிருந்து பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் எழுதவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். லைசென்ஸ் கெடு முடியும்வரை ஓடியது, அடுத்த வரிசை வேறு ஊர்க் கம்பெனிக்குப் போனது. பெயிண்டிங் ஹாலில் இருபது பேரை நிறுத்தினார்கள். அதில் இரண்டு பேர் அதற்குப்பின் செம்பூர் ஸ்டேஷனில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நான்காவது சர்டிபிகேட்டை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இப்படி ஓர் ஐந்தாவதுக்கு வேலையே இருந்திருக்காது.

அதற்குப்பின் இருபது வருஷம் வேறு வேறு கம்பெனிகளில் இதே வேலை பார்த்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால், பேனாவை எடுக்குமுன் நாற்காலியை விட்டு எழுந்துபோய் நேரில் பாருங்கள். செம்பூரில் என் மேஜையிலிருந்து அந்த ஷெட்டுக்கு எழுபது அடிகூட இருக்காது.