பௌர்ணமியில் வராத சிங்கப்பூர்க்காரன்

போன மாதம் எங்கள் வீட்டு டிவியில் ஒரு ஆவணப்படம் ஓடியது. இணையத்தில் பேசிப் பழகிய ஒருவனை நம்பி வருடக்கணக்கில் காத்திருந்த பெண்ணின் கதை. கடைசியில் பார்த்தால் அப்படி ஒருவனே கிடையாது. என் மகள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "இவ்ளோ நாளாவா கண்டுபிடிக்காம இருப்பாங்க? லூசா அவங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து நாற்காலியில் என் அக்கா முறுக்கைக் கடித்தபடி அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் ஒரு காலத்தில் அந்த லூசுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. பட்டம் வாங்கியிருந்தேன், வேலை இல்லை. கம்ப்யூட்டர் கிளாஸ் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தேரடித் தெருவில் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் மதியங்களைக் கழித்தேன். அந்த சென்டரைக் கவனித்துக்கொண்டவள் என் கல்லூரித் தோழி. அங்கேதான் அரட்டை அறையில் அவன் வந்து சேர்ந்தான். சிங்கப்பூரில் இன்ஜினியர் என்றான். நான் மட்டும் என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா? சென்னை என்று சொல்லி, ஒரு பொய்ப் பெயரும் வைத்துக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டிப் பேசுவோம். மற்றவர்களைப் போல அவன் போட்டோ கேட்கவில்லை, வழியவில்லை. "கல்யாணம் ஆனா, நீ பேசும்போது டிவி சத்தத்த கம்மி பண்ணிட்டு கேப்பேன்" என்று ஒருநாள் எழுதினான். அந்த ஒரு வரியில் நான் விழுந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு வேங்கிக்காலில் அரசு வேலை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். "புடிக்கலன்னா இப்பவே சொல்லிடு. வரச் சொல்லிட்டு அவங்கள அசிங்கப்படுத்தாத" என்றார் அப்பா. வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக நான் முடிவு செய்திருந்தேன். சிங்கப்பூர்க்காரன் என்னை மணப்பதாகச் சொல்லக்கூட இல்லை. ஆனாலும் முடிவு செய்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. சென்டரில் யுபிஎஸ் இருந்ததால் திரை அணையவில்லை. ஆனால் அவன் அந்த நொடியே காணாமல் போனான். கரண்ட் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து, "நெட் போயிடுச்சு" என்றான். இதற்கு முன்னும் இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. எங்கள் பக்கத்துக் கோளாறு என்று நினைத்திருந்தேன். தோழி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, மத்த சிஸ்டம் எல்லாம் ஓடிட்டுதான இருந்துது? உன் ஆளு மட்டும் ஏன் போனான்? சிங்கப்பூருக்கு நம்ம தெரு டிரான்ஸ்பார்மர்லேர்ந்தா கரண்ட் போவுது?"

அப்படியானால் அவன் இதே தெருவில் இருக்கிறான். யுபிஎஸ் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நான் தினமும் இந்தத் தெருவில்தான் நடந்து வருகிறேன்.

"நீ என் எடத்துல ஒக்காந்து பேசிட்டே இரு. நான் போய்ப் பாக்கறேன்" என்று தோழியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைகள் கொஞ்சம்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் இருந்தவர் திரையைப் பார்க்காமல் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தார். டிராவல்ஸ் ஆபீஸ் பூட்டியிருந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பௌர்ணமி அன்று மட்டும் அவன் வரவே மாட்டான். கிரிவலக் கூட்டம் ஊரை அடைக்கும் நாளில் மூச்சுவிட நேரமில்லாத கடை எது? வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போன் பண்ண வரிசையில் நிற்கும் எஸ்டிடி பூத். தெருவில் இருந்தது ஒரே ஒரு பூத். அது என் மாமாவுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. ஜெராக்ஸ் மிஷினும், ரிசல்ட் பார்க்க ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருந்தார். யுபிஎஸ் வாங்கவில்லை. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதர்.

கடை வாசலில் மாமாவின் பைக் நின்றது. என் மனசில் இருந்ததை எல்லாம் இந்த ஆளிடமா கொட்டினேன்? அக்காவிடம் எப்படிச் சொல்வேன், சொல்லாமல் எப்படி இருப்பேன்? திரும்பி ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஓடினால் வெள்ளிக்கிழமை என்ன பதில் சொல்வது? கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.

மாமா பெஞ்சில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி காதைக் கிழித்தது. மூலையில், கம்ப்யூட்டர் முன்னால், அக்கா.

மதியங்களில் அவள் கடைக்கு வருவது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். விரல்கள் பறந்தன, முகத்தில் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. திரையில் என் பொய்ப் பெயர் தெரிந்தது. என்னைக் கண்டதும் பதறிப்போய் அதை மறைத்தாள்.

"என்னடி இங்க? ரிசல்ட் ஒண்ணு பாத்துட்டிருந்தேன்."

"சும்மாதான்க்கா."

"என்னாங்க, தங்கச்சி வந்திருக்கா பாருங்க" என்று மாமாவிடம் சொன்னாள். அவர் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதும் அவர் திரும்பவில்லை. டிவி சத்தத்தைக் கம்மி பண்ணிட்டுக் கேட்பேன் என்ற வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. போய்விட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

சென்டரில் தோழி திரையைக் காட்டினாள். அவன் எழுதியிருந்தான்: "சாரி, தங்கச்சி வந்துட்டா. பாவம், மொகமே சரியில்ல அவளுக்கு."

அக்காவுக்குத் தெரியாது. நான் யார் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. திட்டித் தீர்ப்பதற்காக வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் விட்டுவிட்டேன். தோழியை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன்.

"என்னவாம் அவளுக்கு?" என்று தட்டினேன்.

"மாப்பிள்ள பாத்திருக்காங்க. பயப்படறா போல. வேலை, வீடு எல்லாம் எப்படியோ போவட்டும். அவ பேசினா கேக்கறவனா கெடைக்கணும்."

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். பையனிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். அப்பா முறைத்தார், அக்கா என் பக்கம் நின்று சம்மதம் வாங்கித் தந்தாள். "வீட்டுல டிவி சத்தமா வெப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் திருதிருவென விழித்து, "எங்க வீட்டு டிவி ரிப்பேருங்க. ஏன், அவசியம் வேணுமா?" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் சென்னைப் பெண்ணாகச் சென்டருக்குப் போய்வந்தேன். லாபமில்லை என்று மாமா அந்தக் கம்ப்யூட்டரை விற்றதும் சிங்கப்பூர்க்காரன் வருவது நின்றது. அந்த வாரம் அக்கா காய்ச்சலில் படுத்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

படம் முடியும் நேரம். அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதடி" என்றாள் என் மகளிடம். "அந்தப் பக்கம் டைப் பண்ணவனுக்கும் பேச ஆள் இல்லையோ என்னவோ. திடீர்னு பேச்சு நின்னு போச்சுன்னா அவனுக்கும் கஷ்டம்தான்."

மகள் உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுந்து போனாள். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தேன்.

"நீ சொல்லுக்கா. நான் கேக்கறேன்."