உள்ளறைத் திரைக்கு இன்னும் உயிர் இருக்கிறது

காலையில் கடையைத் திறந்து கணினியைப் போட்டதும் ஓர் அறிவிப்பு. லினக்ஸின் அடுத்த பதிப்புக்கு மாறுங்கள். அதில் எக்ஸ்11 கிடையாது, அதன் இடத்துக்கு வந்த புது வேலண்ட் மட்டும்தான். எக்ஸ்11 என்பது லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் வரைந்து காட்டும் பழைய ஏற்பாடு. கிழடுதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கும்தான் வயதாகிறது, என்னை இன்னும் யாரும் நீக்கவில்லையே.

உத்தமபாளையத்தில் இந்த டிடிபி கடையை ஆரம்பித்ததிலிருந்தே நல்ல கணினி ஒன்றுதான். அது முன்னறையில் என்னிடம். உள்ளறையில் என்னோடு வேலை பார்க்கும் ஃபரிதாவிடம் இருப்பது ஒரு பழைய பெட்டி. யோசிப்பதெல்லாம் என் கணினி. அவள் பெட்டி காட்டுவதோடு சரி. எந்தத் திரை என்று தட்டுகிறோமோ, எக்ஸ்11 ஜன்னலை அங்கே திறக்கும். எனக்கோ விரல் அவசரம்.

அத்தர் வாசனை வந்தால் இப்போதும் அந்தச் சித்திரை மாதம் நினைவுக்கு வந்து சிரித்துவிடுகிறேன். வீரபாண்டித் திருவிழா நோட்டீஸைச் சரிபார்க்க ஒரு பெரியவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். உள்ளே அத்தர் மணக்க வந்திருந்த ஒரு பாய்க்கு, அவர் மகளின் நிக்காஹ் பத்திரிகையை ஃபரிதா காட்டிக்கொண்டிருந்தாள். நான் தட்டிய தட்டில் நோட்டீஸ் அங்கே போய்த் திறந்து, பத்திரிகையை முழுசாக மறைத்துக்கொண்டு நோட்டீஸில் இருந்த கௌமாரியம்மன் நின்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளேயிருந்து பாயின் சிரிப்பு.

“ஏம்மா, பத்திரிக்கை அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆத்தா கல்யாணத்துக்கு வந்துட்டாக!”

பெரியவர் எழுந்து உள்ளே போனார். “பாய், ஆத்தாளக் கூப்பிட்டாச்சு. எங்களக் கூப்பிட மாட்டீகளா?”

கூப்பிட்டார். நாங்களும் போய் பிரியாணி சாப்பிட்டோம்.

வேலண்டில் இந்த வம்பே இல்லையாம். என் கணினியின் ஜன்னல் உள்ளறைப் பெட்டியில் இப்படித் திறக்காதாம். ஒரு ஜன்னல் பக்கத்து ஜன்னலை எட்டிக்கூடப் பார்க்க முடியாதாம். பாதுகாப்பாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் கணினிகளைப் பழுது பார்க்கும் தம்பி தேனியிலிருந்து போனில் சொன்னான்: “அக்கா, உள்ளாற இருக்கிற டப்பாவத் தூக்கிப் போடுங்க. ஃபரிதாக்கா வீட்டுல இருந்தே லேப்டாப்புல செய்யட்டும்.”

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஃபரிதாவின் காதிலும் விழுந்துவிட்டது. “அப்ப நான் இங்கன வர வேண்டாமாக்கா?”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “மாத்த மாட்டேன்டா. இது ஓடுற வரைக்கும் ஓடட்டும். நின்னுச்சுன்னா அப்பப் பாத்துக்கிறேன்” என்று போனை வைத்தேன். அறிவிப்பையும் மூடினேன்.

இப்போது நோட்டீஸும் பத்திரிகையும் வாட்ஸ்அப்பிலேயே போகின்றன. ‘சரி’ என்ற பதிலும் அதிலேயே வந்துவிடுகிறது. பெரியவர்களும் பாய்களும் ஒரே நேரத்தில் வந்து காத்திருப்பதில்லை. அந்தக் கூட்டம் போனதை என்னால் தடுக்க முடியவில்லை. ஃபரிதாவின் நாற்காலியை மட்டும் எவனும் தொடக் கூடாது.