ஷட்டரைக் கழற்றச் சொல்லி நான் பேசிய பேச்சு

என் பேச்சுகளுக்குக் கிடைத்த கைதட்டல்களிலேயே பெரியது, எங்கள் தெருவின் நல்ல தண்ணீர்க் கிணற்றைக் கெடுத்த பேச்சுக்குக் கிடைத்தது. இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. பணிவு எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து மேடை ஏறியவள் நான். காலை எப்படி ஊன்றுவது, குரலை எந்தச் சொல்லில் இறக்கி எந்தச் சொல்லில் உயர்த்துவது, எதிரணியின் வலுவான வாதத்தை முதலில் நானே எடுத்துச் சொல்லிப் பிறகு எப்படி உடைப்பது என்பதெல்லாம் எனக்கு நடையைப் போலப் பழகிவிட்டவை. சீட்டுக் குலுக்கி எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கம் பேசுவேன். எங்கள் தெருத் திருவிழாவில் ஒரு வருடம் கைபேசியால் நன்மையே என்று பேசிப் பரிசு வாங்கினேன். மறு வருடம் தீமையே என்று பேசியும் வாங்கினேன்.

எங்கள் தெரு ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சல். கிழக்கே வெள்ளைப் பாத்திகள், அவற்றைத் தாண்டி உப்பங்கழி, கழியைத் தாண்டிக் கடல். ஊரின் மழைத்தண்ணீரை வாங்கிக்கொண்டு ஓர் ஓடை எங்கள் தெருவை ஒட்டி ஓடிக் கழியில் விழுகிறது. அது விழும் வாயில் அன்று ஏற்றி இறக்கும் ஓர் இரும்பு ஷட்டர் இருந்தது. தெருவின் கடைசியில், ஓடையிலிருந்து பத்தடி தள்ளிக் கிணறு. சுற்றியிருக்கும் நிலத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு. இந்த ஓரிடத்தில் மட்டும், மணலில் இறங்கிய மழைநீர் அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கி நிற்கிறது. அதனால் அதில் மோட்டார் வைக்க யாரையும் விட்டதில்லை. வாளி போட்டுத்தான் இறைக்க வேண்டும். எங்கள் தெருவில் பெண் கேட்டு வருபவர்கள்கூட அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

அந்த மார்கழி மழையில் ஊர் நீரில் நின்றது. எங்கள் தெருவில் நான்கு நாள் முழங்கால் அளவு தண்ணீர். குழாய் நின்றுபோனது, மின்சாரம் நின்றுபோனது, லாரித் தண்ணீரும் வர வழியில்லை. இடுப்புயரக் கைப்பிடிச் சுவருக்குள் கிணறு மட்டும் தெளிந்து கிடந்தது. நான்கு நாளும் நாற்பது வீடுகள் அதைக் குடித்து உயிரோடு இருந்தன. இனி வரும் மழைகள் இதைவிடக் குறைவாக இருக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியானால் நாங்கள் முதலில் காக்க வேண்டியது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஷட்டரின் சுழற்றுக் கைப்பிடி எங்கள் எதிர்வீட்டில் இருந்தது. அந்த வீட்டு அண்ணன் உப்பளத்தில் மோட்டார் போடுபவர். கடல் ஏறும்போது கழித்தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றுவதும் இறங்கும்போது நிறுத்துவதும் அவர் வேலை. கடிகாரத்தைவிடக் கடலைப் பார்த்து எழுந்து உறங்குகிற மனிதர். ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும்படி அவரை யாரும் நியமிக்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் இறக்குவார், வருகிற வழியில் ஏற்றுவார். மழையின் மூன்றாம் நாள் பிற்பகல், மொட்டை மாடியில் நின்றிருந்த நான், கொட்டுகிற மழையில் அவர் ஷட்டரை இறக்குவதைப் பார்த்தேன். தெருவே மூழ்கிக் கிடக்கும்போது தண்ணீர் வெளியேறும் வாயை ஒருவர் அடைக்கிறார். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

மாசியில் சமுதாயக் கூடத்தில் பகுதி சபை கூடியது. அடுத்த மழைக்குள் எங்கள் பக்கத்தில் ஒரு வேலை செய்ய நிதி இருப்பதாக, வந்திருந்த அதிகாரி சொன்னார். ஷட்டரைப் புதுப்பித்து உயர்த்திக் கட்டலாம், அல்லது ஷட்டரை எடுத்துவிட்டு ஓடைவாயை அகலப்படுத்தலாம். எது என்று தெருவே முடிவு செய்யட்டும் என்றார். நான் கையை உயர்த்தினேன்.

பேச்சு நன்றாக அமைந்தது என்பதை இப்போதும் மறுக்க மாட்டேன். கடல் உள்ளே வந்துவிடும் என்ற அச்சத்தை முதலில் நானே எடுத்துச் சொன்னேன். பிறகு கேட்டேன்: நம் வீட்டுக்குள் வந்தது கடலா, மழையா? நம் கட்டிலை மிதக்கவிட்டது எந்தத் தண்ணீர்? அதன்பின் படத்தைக் காட்டினேன். கைபேசி வரிசை வரிசையாகக் கைமாறிப் போயிற்று. கூடம் சூடேறுவதை முகங்களில் பார்த்தேன். எதிர்வீட்டு அண்ணன் பின்வரிசையில் எழுந்தார்.

“அந்தப் போட்டோவுக்கு ஆறு மணி நேரம் கழிச்சு நாந்தான் தொறந்தேன். அதை எடுக்கலையா, ஏளா?” என்றார். “ஏறுற கடலுக்கு வாயத் தொறந்து வச்சா, மழத்தண்ணி வெளிய போவாது, கடத்தண்ணி உள்ள வரும்.”

“அண்ணே, ஆறு மணி நேரத்தில ஒரு வீடு முங்கிரும்” என்றேன். “நீங்க உப்பளத்துக்காரங்க. கடல் உள்ள வந்தா உங்களுக்கு விளைச்சல்தானே, அப்புறம் ஏன் பயப்படுதீய?”

கூடம் வெடித்துச் சிரித்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிரிப்பு அடங்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். கைகள் உயர்ந்தபோது எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. வெளியே வரும்போது மூன்றாம் வீட்டு அக்கா என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார். அண்ணன் மறுநாள் சுழற்றுக் கைப்பிடியைக் கொண்டுவந்து சமுதாயக் கூட வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

சித்திரையில் ஷட்டரைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ஓடைவாய் இரண்டு மடங்கு அகலமாயிற்று. கோடைமழை ஒன்று பெய்தது. தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வடிந்தது. தெரு என்னைப் பெருமையோடு பார்த்தது. நானும் என்னை அப்படியே பார்த்துக்கொண்டேன்.

ஆவணிப் பௌர்ணமியன்று வானத்தில் மேகமே இல்லை. பிற்பகல் வெயிலில் ஓடைத்தண்ணீர் தெருவை நோக்கி எதிர்த்திசையில் நகர்ந்து வந்தது. சத்தமில்லை, நுரையில்லை, அவசரமும் இல்லை. ஓடையின் விளிம்பைத் தொட்டு, தெருவோரப் புழுதியை நனைத்து, ஒரு மணி நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று. போகும்போது ஓடைக்குள் மடவை மீன் குஞ்சுகளை விட்டுச் சென்றது. தெருவுக்கு அது திருவிழாவாக இருந்தது. இனி மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம், மீனே வீடு தேடி வருது என்று மூன்றாம் வீட்டு அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். எதிர்வீட்டு அண்ணன் மட்டும் சைக்கிளை நிறுத்தி, ஈரம் ஏறியிருந்த மட்டத்தை ஓடைக்கரையில் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அமாவாசைக்கு மறுபடி வந்தது. அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி. ஒவ்வொரு முறையும் புழுதியில் ஈரக்கோடு சற்று உள்ளே தள்ளி விழுந்தது. ஓடைக்கரைப் புல் செம்பட்டையாகி உதிர்ந்தது. கிணற்றடி முருங்கை ஒரு வாரத்தில் இலையெல்லாம் கொட்டி நின்றது. பூச்சி விழுந்திருக்கும் என்றார்கள். யாரோ மருந்து அடித்தார்கள்.

புரட்டாசியில் பருப்பு வேகாமல் போயிற்று. முதலில் எங்கள் வீட்டில், பிறகு பக்கத்து வீட்டில். குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் பருப்பு மணல்மணலாகவே கிடந்தது. தெருமுனைக் கடை அண்ணாச்சி பழைய பருப்பைக் கலந்து விற்கிறார் என்று பேச்சு கிளம்பியது. என் அம்மா வெந்தும் வேகாத பருப்பைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். ஏற்கெனவே அங்கே நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

அண்ணாச்சி பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். அதே மூட்டையிலிருந்து ஒரு கை பருப்பை அள்ளிக் கழுவி, விற்பனைக்கு வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றி, கடைக்குப் பின்னால் ஸ்டவ்வில் ஏற்றினார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். மூன்று விசிலில் இறக்கி, கரண்டியால் ஒரு மசி மசித்து எங்கள் முன்னால் நீட்டினார். வெண்ணெய் போல இருந்தது.

“பருப்பு எம் பருப்புதான் தாயி. தண்ணி யாரு தண்ணி?” என்றார்.

அம்மா பாத்திரத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். கிணற்றுத் தண்ணீரில் டீ சில வாரங்களாகக் கரிக்கத் தொடங்கியிருந்ததை நாங்கள் எல்லோரும் அறிந்தே இருந்தோம். பால்காரர் மேல் பழி போட்டிருந்தோம்.

ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தேன். அண்ணன் மோட்டார் கொட்டகையில் இருந்தார். உப்பளத்தில் தண்ணீரின் கனத்தை அளக்க ஒரு கண்ணாடிக் குழல் வைத்திருப்பார்கள். அதை மிதக்கவிட்டு எத்தனை டிகிரி என்று பார்ப்பார்கள். உப்பு விளையும் பாத்தி இருபத்தைந்தைத் தொடும், கடல்தண்ணீர் மூன்று காட்டும். அவர் பாட்டிலை வாங்கிக் குவளையில் ஊற்றிக் குழலைப் போடவில்லை. ஒரு வாய் குடித்தார். துப்பினார்.

“இதுல குழலு ஒண்ணும் காட்டாது. நாக்கு மொதல்ல காட்டும். குழலு காட்டும்போது கெணறு முடிஞ்சிரும்” என்றார்.

“எவ்வளவு நாள் இருக்குண்ணே?”

“முன்ன ஐப்பசியிலதான் கடல் அம்புட்டு ஒசரம் வரும். இப்பம் ஆவணியிலயே வந்துட்டு. ஐப்பசி, கார்த்திகையில எம்புட்டு வரும்னு எனக்குத் தெரியாது. நான் பாத்ததில்ல.”

கடலைத் தெரிந்த ஒருவர் தெரியாது என்று சொன்னது, அவர் எந்தக் கணக்கைச் சொல்லியிருந்தாலும் தந்திருக்கக்கூடிய பயத்தைவிடப் பெரிய பயத்தைத் தந்தது. அன்றே ஏன் இன்னும் உரக்கச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட உடனேயே கேட்டிருக்கக் கூடாது என்று புரிந்தது.

“சொன்னேனே. நீதான் சிரிக்க வச்சிட்டியே” என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார்.

புரட்டாசிக் கடைசியில் மீண்டும் சபையைக் கூட்டச் செய்தேன். மாசியில் நான் பேசியது தவறு, ஷட்டர் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் கிணறு போய்விடும் என்று சொன்னேன். உவமை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. என் வாழ்நாளிலேயே குறுகிய பேச்சு அது. முடித்தபோது கைதட்டல் வரவில்லை. முகங்களில் ஒரு சிறு சிரிப்பு இருந்தது. முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், மாசியில் முதல் ஆளாகக் கை தூக்கியவர், கனிவாகவே கேட்டார்:

“இன்னைக்கு உனக்குச் சீட்டுல இந்தப் பக்கம் விழுந்திருக்காக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அதில் துளியும் பகை இல்லை. அவர்களைப் பொறுத்தவரை நான் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன், ஏதோ போட்டிக்காக. கைபேசி நன்மையே, கைபேசி தீமையே. மழைக்கு ஒரு பக்கம், கிணற்றுக்கு ஒரு பக்கம். எந்தப் பக்கத்தையும் நம்பவைக்கும் திறமையை இத்தனை ஆண்டுகளாக அவர்கள் முன்னால்தான் வளர்த்திருந்தேன். உண்மையாகவே ஒரு பக்கம் நிற்க வேண்டிய நாளில் நிற்பதற்கு எனக்கு அங்கே இடமில்லை. அதிகாரி, இந்த ஆண்டு நிதி செலவாகிவிட்டது, அடுத்த ஆண்டுக்கு எழுதிப் போடலாம் என்றார். எழுதிப் போட்டார்கள்.

அண்ணன் கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் காலையில் நான்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஓடைவாயை மண்மூட்டைகளால் அடைக்கலாம் என்றார். உப்பளத்துக் களிமண்ணை நிரப்பி அடுக்கினால் நிற்கும். ஆனால் அது ஷட்டர் இல்லை. கடல் ஏறும் முன்பு அடுக்க வேண்டும். மழை பெய்தால், கடல் இறங்கியவுடன் பிரிக்க வேண்டும். அடுத்த ஏற்றத்துக்கு மீண்டும் அடுக்க வேண்டும். கார்த்திகை முடியும் வரை, நாளுக்கு இரண்டு தடவை. ஒரு தடவை பிரிக்கத் தவறினால் தெரு மூழ்கும், ஒரு தடவை அடுக்கத் தவறினால் கிணறு மூழ்கும். குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும் என்றார்.

ஐப்பசி அமாவாசைக்கு நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அண்ணன், அவர் மனைவி, என் அம்மா, நான், கடையைப் பாதி அடைத்துவிட்டு வந்த அண்ணாச்சி. அவருக்குப் பருப்பு விஷயத்தில் தெருவின் மேல் இன்னும் வருத்தம் தீரவில்லை. ஆனாலும் மூட்டை தைக்கச் சாக்கு ஊசியோடு வந்திருந்தார். முழங்கால் சேற்றில் நின்று அடுக்கினோம். மூன்றாவது வரிசை முடியும்போது கடல் வந்து தொட்டது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்த இடுக்குகளில் அது விரல் விரலாக நுழைந்து பார்த்தது. அண்ணன் களிமண்ணை அள்ளி அள்ளி அப்பினார். மேல்வரிசைக்கு நான்கு விரற்கடை கீழே தண்ணீர் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு இறங்கியது.

“பௌர்ணமிக்கு இந்த ஒசரம் பத்தாது” என்றார் அண்ணன். கையிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே வடகிழக்குப் பக்கம் பார்த்தார். அங்கே வானம் ஈயம் போலக் கனத்திருந்தது. மழையும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது என்று அவரிடம் கேட்கவில்லை.

அன்று தொடங்கி வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் பேசத் தோன்றும். மூன்றாம் வீட்டு அக்கா கதவைப் பாதி திறந்து, ஏளா, இன்னைக்கு என்ன தலைப்பு என்று கேட்டார். அவர் வீட்டுக் குடத்தில் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு தம்ளர் மொண்டு தரச் சொல்லி, அவரையே குடித்துப் பார்க்கச் சொன்னேன். குடித்தார். முகம் சுளித்து மீதியை வாசலில் கொட்டினார்.

“நாளைக்கு நாலு மணிக்குக் கடல் ஏறுது. மம்பட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். வருவேன் என்று அவர் சொல்லவில்லை. பன்னிரண்டுக்கு இன்னும் ஏழு பேர் குறைகிறார்கள்.