இடப்பக்கம் துடைக்காத கண்ணாடி

கிளெம் ரிக்சனின் காரில் நான் முதன்முதலில் ஏறியபோது அவர் என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். முன்சீட்டில் ஆள் இல்லை, மூட்டை இல்லை, அவருடைய நாய்கூட இல்லை. பின்சீட்டிலோ பார்சல் அட்டைப்பெட்டிகளும், கோழித் தீவன மூட்டையும், யாருக்கோ போகவேண்டிய டிராக்டர் பெல்ட்டும் கிடந்தன. பம்பாலாவில் மண் பரிசோதனை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். எங்கள் வீட்டிலேயே கல்லூரிப் படியேறிய முதல் ஆள், சட்டைப் பையில் அலுவலகத்தின் பெயர் வேறு தைத்திருந்தது. தீவன மூட்டையோடு உட்காருவது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் என் கார் கூமா ரோட்டில் மக்கர் செய்து நின்றுவிட்டது. அந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம்; காற்று காதை அறுத்தது. ஏறிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் எங்கள் இருவர் மூச்சுக்கும் முன் கண்ணாடி பனித்தது. அப்போதுதான் பார்த்தேன். கண்ணாடியின் வலப்பாதி, அவர் முன்னால் இருந்தது, அவர் துணியை ஓட்டியதும் கழுவிவிட்ட வானம்போலத் தெளிந்தது. இடப்பாதி உள்பக்கம் பால் தெளித்தாற்போல மங்கல். அந்த மங்கலில் இரண்டு பாதங்கள் மெல்ல எழுந்து வந்தன. பத்து விரல்கள், இரண்டு முன்பாதங்கள். வலது சுண்டுவிரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் தள்ளி நின்றது.

நான் பார்ப்பதை அவர் பின்னால் பார்க்கும் நடுக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"என் பொண்டாட்டி காலு," என்றார். மீதியை மெதுவாகத்தான் சொன்னார், பல மாதங்களில், துண்டு துண்டாக.

கிளெமும் மனைவி நோரீனும் பம்பாலாவைச் சுற்றியுள்ள ஆட்டுப் பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோகும் குத்தகையை எடுத்திருந்தார்கள். பண்ணை வாசல்களில் பழைய பால் கேனும் எண்ணெய் டிரம்மும்தான் தபால் பெட்டிகள். ஒரு வீட்டில் கதவு கழன்ற ஃபிரிட்ஜே பெட்டி. அவை எல்லாம் ரோட்டின் இடது ஓரத்தில் இருக்கும். கிளெம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார். நோரீன் இடப்பக்க ஜன்னலை இறக்கி, கையை நீட்டித் தபாலைப் போடுவாள். கார் முழுதாக நிற்க வேண்டியதுகூட இல்லை. அடுத்த பெட்டி தொலைவில் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி முன்னால் டேஷ்போர்டுமேல் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து பார்சல் வருகிறது என்று வம்பு பேசிக்கொண்டே வருவாள்.

கிளெமுக்குக் கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும். பகல் முழுவதும் பார்ப்பது அதன் வழியாகத்தானே என்பார். கோடையில் வெட்டுக்கிளியும் வண்டும் அடித்துக் காயும். ஈரத்துணியைப் போர்த்தி ஊறவிட்டு எடுப்பார், சுரண்டமாட்டார். வைப்பர் ரப்பரை விரலால் நீவிப் பார்ப்பார். சொரசொரப்பு தட்டினால் அன்றே மாற்றுவார். குளிர்காலத்தில் படுக்கப்போகும் முன் கண்ணாடிமேல் பழைய கம்பளத்தை விரித்து, வைப்பர்களைத் தூக்கி நிறுத்திவைப்பார். காலையில் யாராவது உறைபனியைக் கரைக்கக் கெட்டிலோடு காரை நோக்கிப் போவதைக் கண்டால் போதும், தெருவின் மறுகோடியிலிருந்து கத்துவார்: "வெந்நீயா? ஊத்து ஊத்து, கண்ணாடி ரெண்டாப் போகட்டும்!"

இதில் நோரீனுக்குச் சிரிப்பும் உண்டு, எரிச்சலும் உண்டு. எரிச்சலுக்குக் காரணம் சுத்தம் அல்ல. பேச்சு கொஞ்சம் கனத்துவிட்டால் கிளெம் வண்டியை ஓரம் கட்டுவார். "கண்ணாடில என்னமோ ஒட்டியிருக்கு" என்று இறங்கி, துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பார். தொலைவில் பெர்த்துக்குப் போன மகன் திரும்பி வருவதே இல்லை என்ற பேச்சு வந்தபோது துடைத்தார். தன் தம்பி செத்த செய்தி வந்தபோதும் துடைத்தார்.

நோரீனுக்குக் குளிர் ஆகாமல் போனது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். திறந்த ஜன்னல் வழியாகத் தபால் போட்டே விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. வடக்கே, வெயில் ஊரான போவெனில், அவளுடைய அக்கா இருந்தாள். அங்கே போய்விடலாமா என்று கேட்டாள். அடுத்த வருஷமும் கேட்டாள். பிறகு ஒரு மார்ச் மாதம், மரங்கள் நிறம் மாறும் முன்பே, இரண்டு பெட்டிகளோடு பஸ் ஏறிவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. கிளெம்தான் பெட்டிகளைத் தூக்கி வைத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தபால் பெட்டியிலும் அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிவந்து தபால் போட்டுவிட்டு, மறுபடி சுற்றிப்போய் ஏறினார். எட்டித் தபால் போட இடப்பக்கம் ஆள் இல்லாத காரில் பாதி நாள் நடையிலேயே போனது. கூட ஓர் ஆளை வைத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம், "நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு" என்று புளுகினார்.

பாதத் தடத்தை முதலில் கண்டது அவள் போன பிறகு வந்த முதல் குளிரில்; அதுவரை காலியான அந்தப் பக்கத்தின் உள்ளே அவர் துணி போட்டதே இல்லை. அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. பஸ் ஏறும் முன் கடைசியாக இருவரும் மெரிம்புலா கடற்கரைக்குப் போய்வந்த நாள். வறுத்த மீன் சாப்பிட்டார்கள். நோரீன் வெறுங்காலோடு அலையில் நின்றாள். திரும்பும் வழியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்மூடித் தூங்கினாள். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் உள்பக்கம் துடைப்பதை நடுக் கண்ணாடிக்குக் கீழே கோடு போட்டாற்போல வலப்பாதியோடு நிறுத்திக்கொண்டார். தினமும் விடியற்காலை ஹீட்டரைப் போடாமல் காருக்குள் உட்கார்ந்து மூச்சுவிடுவார். பாதங்கள் எழும்பி வரும். கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகுதான் சாவியைத் திருப்புவார். அந்த இடத்தில் வேறு யாருடைய தோளும் முழங்காலும் உரசக்கூடாது என்பதால்தான் எனக்குப் பின்சீட்டு.

நான் வந்த மறுவருஷம், குளிருக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் சரளை லாரி ஒன்று எதிரே போனபோது ஒரு கல் தெறித்து இடப்பக்கக் கண்ணாடியில் விழுந்தது. பட்டாணியில் பாதி அளவு பொத்தல், வெளிப்பக்கம் மட்டும். கண்ணாடி வேலை பார்க்கும் ப்ரான்வின் தன் வேனோடு கூமாவிலிருந்து வாராவாரம் வருவாள். வாய் கொஞ்சம் நீளம். பார்த்ததும் சொன்னாள்:

"இதென்ன கிளெம், ஊருக்கெல்லாம் உபதேசம், உன் கண்ணாடில ஓட்டையா? அரைமணி நேர வேலை. பசை ஏத்திவிட்டா கல்லு மாதிரி நிக்கும்."

"வெளியில மட்டும் பண்ணுவியா?"

"உள்ளேயும்தான். பசை சரியா ஏறுதான்னு நான் பாக்குறதுக்கு உள்பக்கம் ஒரு சின்ன முகம்பாக்குற கண்ணாடி ஒட்டணும்ல. அதுக்கு முன்னாடி உள்ள நல்லாத் துடைக்கணும். ஏன், உள்ள பாதில தூசியக் கொள்ளு போட்டு வளக்குறியா? ஒரே அழுக்கு!"

"இப்ப வேண்டாம்."

"குளிர் வருது, கிழவா. உறைபனில அது பிளந்துக்கிட்டு ஓடும். உனக்கு நான் சொல்லணுமா?"

"வேண்டாம்னேன்ல."

ப்ரான்வின் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். ஒவ்வொரு வாரமும் வந்து கேட்டாள். அவர் ஒவ்வொரு வாரமும் அதே பதிலைச் சொன்னார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, புல்லெல்லாம் கண்ணாடியாக விறைத்துக் கிடந்த காலை. அன்று பாதங்கள் வழக்கத்தைவிடத் தெளிவாக வந்தன. சுண்டுவிரல் ரேகைகூடத் தெரிந்தது. கிளெம் உட்கார்ந்தே இருந்துவிட்டார். நிமிர்ந்தபோது தபால் அலுவலகம் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பதற்றத்தில் சாவியைத் திருப்பி, ஹீட்டரை ஒரே தூக்காக முழு வேகத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டார். ஊரில் எவன் கெட்டில் எடுத்தாலும் கத்துகிறவர், தானே உள்ளேயிருந்து வெந்நீர் ஊற்றியதுபோல.

'டக்' என்று ஒரு சத்தம், விரலை நெட்டி முறித்தாற்போல. பொத்தலிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி இரண்டு பாதங்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு அவர் கண்ணெதிரே வலப்பாதிவரை வந்து நின்றது.

விரிசல் கண்ணாடியோடு தபால் வண்டி ஓட்டக்கூடாது. கண்ணாடி மாற்றியே ஆகவேண்டும். திங்கட்கிழமை வருவதாக ப்ரான்வின் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நோரீன் ஃபோனில் பேசுகிற நாள். வெயில், மழை, அக்காவின் முட்டிவலி, நாயின் சாப்பாடு என்று எப்போதும் ஒரே வரிசை. அன்று கிளெம் வரிசையை உடைத்தார்.

"கண்ணாடி போச்சு, நோரி."

"உன் கண்ணாடியா? உலகம் அழியப்போகுதா என்ன!"

"அதுல உன் கால் தடம் இருந்துது. உள்பக்கம். நான் துடைக்காம வச்சிருந்தேன்."

நோரீன் அந்தப் பக்கம் டீவியை அணைத்தாள். பிறகு, "எந்தக் கால்?"

"மெரிம்புலா போயிட்டு வந்தோமே. நல்ல நாள். நீகூடக் காலைத் தூக்கி வச்சுக்கிட்டுத் தூங்கிட்டே வந்தியே."

"நான் தூங்கல, கிளெம்." நோரீனின் குரல் மெதுவாக வந்தது. "மலை ஏறுறப்ப உங்கிட்டக் கேட்டேன். எங்கூட வர்றியான்னு, மூணாவது தடவையா. ஞாபகம் இருக்கா?"

அவர் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார்.

"நீ வண்டிய ஓரங்கட்டிட்டு இறங்கித் துடைக்க ஆரம்பிச்சே. என் முன்னாடி வந்து நின்னு, வெளியில இருந்து என் பக்கத்தத் துடைச்சே. உன் மூஞ்சி என் மூஞ்சிக்கு நேரா இருக்கு, உனக்கு நான் தெரியல. பூச்சிதான் தெரியுது. எனக்கு வந்த கோவத்துல ரெண்டு காலையும் தூக்கி உன் கைக்கு நேரா அழுத்தினேன். நீ அந்தண்ட துடைச்சுக்கிட்டே இருந்தே. அந்தத் தடம்தான் அது. அன்னிக்குத்தான் பஸ்ஸுல சீட்டுக்குச் சொல்லிவச்சேன்."

கிளெமின் கை தானாகவே மேசைமேல் கிடந்த துணியைத் தேடிப்போனது. பாதியில் நிறுத்தினார்.

"வர்றேன், நோரி," என்றார்.

"நான் கேட்டது அன்னிக்கு. இன்னிக்குக் கேக்கலயே."

"சரி, நான் கேக்குறேன். வரட்டுமா?"

நோரீன் பதில் சொன்னாள். "வா. ஊருக்கு வா. என் வீட்டுக்குன்னு நான் சொல்லல."

மறுநாள் ப்ரான்வின் பழைய கண்ணாடியை அறுத்தெடுத்துப் புல்வெளியில் சாய்த்துவைத்தாள். வெயில் பட்டதும் தடம் தெரிந்தது.

"அட, காலு! யாரோட காலு கிளெம் இது?"

"கோவமா இருந்த ஒருத்தியோடது."

"வச்சுக்கிறியா, எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எடுத்துட்டுப் போ," என்றார் கிளெம். பிறகு ஒரு செய்தித்தாளைக் கசக்கி, புதுக் கண்ணாடியின் உள்பக்கத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைத்தார். குத்தகை முடியும்வரை அவரோடு சில தடவை போயிருக்கிறேன். என்னை முன்சீட்டில் உட்காரவைத்துத் தபால் போடச் சொன்னார். நான் பெட்டியைத் தவறவிட்டால், "நோரீன் தூக்கத்துல போட்டாலே உள்ள விழும்" என்று திட்டினார்.

இப்போது கிளெம் ரிக்சன் போவெனில் இருக்கிறார். நோரீன் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாம்பழத் தோட்டக்காரரின் பின்கட்டு அறையில் வாடகைக்கு. அங்கே உறைபனி இல்லை, பூச்சிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நோரீனைக் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார். அவள் பேசும்போது அவர் வண்டியை நிறுத்துவதில்லை. அவள் செருப்பைக் கழற்றுவதில்லை. கால்கள் கீழேயே இருக்கின்றன. கண்ணாடி இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கிறது.